பதினெட்டாம் தேதி காலைக் காட்சி

கடப்பேரி, மேற்குத் தாம்பரம்
12.6.88

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாமுண்டி எழுதுவது. நானும் பாப்பாவும் சுகம்தான். உன் உடம்பு எப்படி இருக்கிறது? பூனாவில் மழை பிடித்துக்கொண்டதாக ரேடியோவில் சொன்னார்கள். நனைந்துகொண்டு பேங்குக்குப் போகாதே.

நைனாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டிருக்கிறது என்று சித்திரையில் எழுதியிருந்தேன். அது வெறும் கட்டு இல்லையாம். அடையாறு ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். கேன்சர் என்று சொல்லிவிட்டார்கள். எழுதவே கை வரவில்லை, ஆனால் உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது.

நான் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் வீட்டிலிருந்து இங்கே வந்து பத்து நாள் ஆகிறது. என் வீட்டுக்காரர், கம்பெனி கேன்டீனில் சாப்பிட்டுக்கொள்கிறேன், போ என்றார். எத்தனை நாளைக்கு அப்படிச் சொல்வார் என்று தெரியாது. நைனாவின் செங்கல் மணல் வியாபாரத்தை லாரி டிரைவர் தனசிங் பார்த்துக்கொள்கிறார். சேலையூர்ப் பக்கம் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் ஜல்லி கேட்டு வந்தபடி இருக்கிறார்கள்.

நைனாவின் குரல் காற்று மாதிரி வருகிறது. நேற்று என்னைக் கூப்பிட்டு, “கேசவனுக்கு எய்திட்டியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “எய்தாத. அவன் வேல கெட்டுப்பூடும்” என்றார். அரை மணி நேரம் கழித்து, “எய்திட்டியா?” என்று மறுபடியும் கேட்டார். அதனால்தான் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை,
சாமுண்டீஸ்வரி


பூனா
21.6.88

அன்புத் தங்கை சாமுண்டிக்கு,

உன் கடிதம் பேங்க் முகவரிக்கு வந்தது. கவுன்டரில் ஆட்கள் நின்றுகொண்டிருக்கும்போதே பிரித்துவிட்டேன். அதன்பின் அன்று முழுவதும் என்ன வேலை செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை. நீயும் பாப்பாவும் நலமாக இருங்கள். நான் நலம்.

அப்பாவுக்கு இப்படி ஒன்று வரும் என்று நான் நினைத்ததே இல்லை. லாரியிலிருந்து ஒரே மூச்சில் செங்கலை இறக்குகிற அப்பாதான் எப்போதும் என் மனத்தில் இருக்கிறார். நீ தனியாக இருக்கிறாய் என்று எண்ணாதே. என்ன சிகிச்சை, எப்போது என்று டாக்டரிடம் தெளிவாகக் கேட்டு எழுது. தேதி தெரிந்தால் லீவுக்கு எழுதிப் போடுவேன். அப்பாவின் சிகிச்சைக்கு யாரும் லீவு இல்லையென்று சொல்லமாட்டார்கள்.

அவரிடம் சொல், நான் வருகிறேன் என்று.

பாப்பாவுக்கு என் முத்தம்.

அண்ணன்,
கேசவன்


கடப்பேரி
4.7.88

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

தேதி சொல்லிவிட்டார்கள். ஜூலை 18, திங்கட்கிழமை காலையில் ஆபரேஷன். குரல் பெட்டியை எடுத்துவிட்டு, மூச்சு விட கழுத்தில் ஓட்டை போடுவார்களாம். அதற்கப்புறம் பேச முடியாது. டாக்டர் இதைச் சொல்லும்போது நைனா என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து கிண்டி பஸ்ஸுக்கு நிற்கும்போது, “பேசி இன்னாத்த கண்டேன்” என்றார். சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கையெழுத்துப் போட வீட்டு ஆம்பிளை ஒருத்தர் வந்தால் நல்லது என்றார்கள். என் பிள்ளை வருவான் என்று நைனாவே டாக்டரிடம் சொல்லிவிட்டார். நீ வருவதாக எழுதியதைப் படித்துக் காட்டியதிலிருந்து நாற்காலியை கேட்டுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்துகொள்கிறார். இன்னும் பதினாலு நாள் இருக்கு நைனா என்றால், “காத்து வருது, அதான்” என்கிறார்.

அவர் குரலைக் கேட்க வேண்டுமென்றால் பதினேழாம் தேதிக்குள் வந்துவிடு அண்ணா.

சாமுண்டி


பூனா
16.7.88

அன்புள்ள சாமுண்டிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதை எழுத எனக்கு மிகவும் சங்கடமாக இருக்கிறது. லீவு கிடைக்கவில்லை. ஆடிட் வந்துவிட்டது. மேனேஜர் ஒரே பிடிவாதமாக இருக்கிறார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.

என் நினைவெல்லாம் அங்கேதான் இருக்கும். அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. மாப்பிள்ளையைக் கையெழுத்துப் போடச் சொல்.

கேசவன்


கடப்பேரி
31.7.88

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆண்டவன் புண்ணியத்தில் ஆபரேஷன் முடிந்து நைனா வீட்டுக்கு வந்துவிட்டார். உன் உடம்பு சௌக்கியமா?

உன் கடிதம் இருபதாம் தேதிதான் வந்தது. ஒரு தந்தி கொடுத்திருக்கலாம். பதினேழாம் தேதி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம். அன்று சாயந்திரம் வரை வார்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நைனா தலையைத் தூக்கிப் பார்த்தார். ரயில் லேட்டாக இருக்கும் என்று நான் சொன்னேன். காலையிலும் அதையே சொன்னேன். பத்து மணிக்கு ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். “வந்தான்னா உக்கார சொல்லு. துன்ன எதுனா வாங்கிக் குடு” என்றார். அவர் வாயிலிருந்து வந்த கடைசிப் பேச்சு அதுதான். என் வீட்டுக்காரருக்கு ஷிப்டு மாற்றிக் கொடுக்கவில்லை. நானே கையெழுத்துப் போட்டேன். சாமுண்டீஸ்வரியில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன். நர்ஸ் மறுபடி எழுதச் சொன்னாள்.

இப்போது கழுத்தில் குழாய். மூக்கில் ஒரு டியூப். கஞ்சியை வடிகட்டி சிரிஞ்சில் விடுகிறேன். குழாயில் சளி அடைத்துக்கொண்டால் எடுக்க நர்ஸ் கற்றுக்கொடுத்தாள். முதல் நாள் வாந்தி எடுத்தேன், இப்போது பழகிவிட்டது. குளிப்பாட்டுவதற்கு மட்டும் தனசிங் வருகிறார். மகள் கையால் வேண்டாமென்று நைனா தலையாட்டிவிட்டார்.

ஏதாவது சொல்ல வேண்டுமானால் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் பென்சிலால் எழுதுகிறார். மூன்றாம் கிளாஸ் படிப்புதானே, ஒவ்வோர் எழுத்தும் தோசை மாதிரி இருக்கும். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். “பேங்குல லீவு தரல” என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். பார்க்க வருகிறவர்கள் உன்னைப் பற்றிக் கேட்டால் அதை எடுத்து நீட்டுகிறார். எதிர்வீட்டுக் கன்னியம்மா, பக்கத்துத் தெரு ஆட்கள், கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அதே தாள்தான். மடிப்பு நைந்துவிட்டது.

மனசு கஷ்டப்படாதே. லீவு இல்லையென்றால் நீ என்ன செய்வாய். ஆடிட் முடிந்ததும் வா.

சாமுண்டி


பூனா
25.8.88

அன்புள்ள சாமுண்டிக்கு,

எல்லாம் நல்லபடி முடிந்ததில் பெரிய நிம்மதி. நீ செய்வதெல்லாம் பெரிய காரியம். நான் நலம். வேலை அதிகம். தீபாவளி சமயத்தில் முயற்சி செய்கிறேன், நிச்சயமாகச் சொல்ல முடியாது.

அந்தத் தாளை எல்லோருக்கும் காட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்.

கேசவன்


கடப்பேரி
9.10.88

மதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள். நாங்கள் இருக்கிறோம்.

காலனியில் ராஜகோபாலன் சார் என்று ஒருவர் இருக்கிறார், உங்களுக்குத் தெரியும். ஹைஸ்கூல் தமிழ் வாத்தியார். நம்மிடம்தான் மணல் வாங்கி வீடு கட்டினார். போன புதன்கிழமை ஒரு பத்திரிகையைக் கொண்டுவந்தார். கடைகளில் தொங்குகிற பத்திரிகை இல்லை, தபாலில் வருவதாம். “உங்க அண்ணா எழுதியிருக்கார்மா. ரொம்ப உருக்கமா இருக்கு. அப்பாவுக்குப் படிச்சுக் காட்டுங்கோ” என்று கொடுத்துவிட்டுப் போனார்.

நைனாவுக்குப் படித்துக் காட்டினேன்.

ஹங்கேரி என்ற நாட்டில் எடுத்த சினிமாவாம். சாகக் கிடக்கும் தகப்பனுக்குப் பக்கத்தில் மகன் நாற்பது நாள் உட்கார்ந்திருக்கிறானாம். நீங்கள் எழுதியதை அப்படியே எழுதுகிறேன். “வெந்நீரில் துணியை நனைத்து, கிழவரின் பாதங்களை அவன் துடைக்கும்போது, ஒரு சொல்கூடப் பேசப்படுவதில்லை. அந்த மொழியில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை. இருட்டில் வாய்விட்டு அழுதேன். பக்கத்து இருக்கைக்காரர் தன் கைக்குட்டையை நீட்டினார்.” அதற்கப்புறம், “நம் வீடுகளில் இப்படி மகன்கள் எத்தனை பேர்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

எத்தனை பேர் என்று எனக்கும் தெரியவில்லை.

முதல் வரியிலேயே போட்டிருக்கிறீர்கள். “ஜூலை பதினெட்டு, திங்கட்கிழமை, காலை பத்தரை மணிக் காட்சி. திரைப்படச் சங்கத்தின் ஒரு வார விழாவில் எல்லாப் படங்களையும் பார்த்தேன், இதுபோல ஒன்றில்லை.” ஒரு வாரமும் காலையில் சினிமா பார்த்திருக்கிறீர்கள் என்றால் ஒரு வாரமும் லீவில் இருந்திருக்கிறீர்கள்.

எனக்குத் தப்பாகப் புரிந்திருந்தால் எழுதவும். நான் பத்தாவதுதான் படித்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாமுண்டீஸ்வரி


பூனா
20.11.88

சாமுண்டி,

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்? பாப்பா? அப்பா?

உனக்குத் தப்பாகப் புரியவில்லை. லீவு கிடைத்தது. பத்து நாள். ‘தந்தையின் அறுவை சிகிச்சை’ என்று காரணம் எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார், தன் வீட்டு மனிதர் மாதிரி எழுந்து வந்து தோளில் கைவைத்தார். அவரைத்தான் பிடிவாதக்காரர் என்று உனக்கு எழுதினேன்.

பதினைந்தாம் தேதி மெட்ராஸ் மெயிலுக்கு டிக்கெட் எடுத்திருந்தேன். பையோடு பிளாட்பாரத்தில் நின்றேன். வண்டி வந்தது. என் பெட்டி என் எதிரிலேயே நின்றது. கழுத்தில் ஓட்டை என்று நீ எழுதியிருந்தாயே, அது என் கண்ணை விட்டுப் போகவில்லை. அம்மா கிடந்த இருபது நாளும் நான் எப்படி இருந்தேன் என்று உனக்குத் தெரியும். முனகல் கேட்கும்போதெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போய்விடுவேன். அம்மா போன நேரத்திலும் டீக்கடையில்தான் இருந்தேன், நீதான் ஓடிவந்து கூப்பிட்டாய். இந்தத் தடவை ஓட இடமிருக்காது என்று பயந்தேன். வண்டி போய்விட்டது.

மறுநாள் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். லீவில் ஊருக்குப் போனவன் பேங்க்காரர்கள் கண்ணில் படக் கூடாது. பகலில் ஒளிந்திருக்க இருட்டான ஓரிடம் வேண்டியிருந்தது. திரைப்படச் சங்கத்தில் நான் உறுப்பினர். வேறெங்கேயும் போகத் தெரியாமல் அங்கே போய் உட்கார்ந்தேன். பதினெட்டாம் தேதி அந்தப் படம் வந்தது. நான் அழுதது பொய் இல்லை சாமுண்டி. ஆனால் அழுது முடித்து வெளியே வந்து டீ குடிக்கும்போது, ஏதோ ஒரு கடமையை முடித்துவிட்டது போல எனக்கு லேசாக இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. அந்த லேசான மனத்தோடுதான் கட்டுரை எழுதினேன். பாராட்டி நிறையக் கடிதங்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் பதில் போட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இங்கே என்னைத் தெரிந்தவர்களிடம் அப்பா பிசினஸ் செய்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். செங்கல், மணல் என்று சொன்னதில்லை. அவர் இங்கே வருகிறேன் என்று இரண்டு தடவை எழுதச் சொன்னபோது, ரூம் சின்னது என்று தட்டிவிட்டேன். அவர் வாய் திறந்து நாலு பேர் முன்னால் ‘இன்னா கண்ணு’ என்று பேசுவாரே என்றுதான். இனி அவர் பேசமாட்டார்.

நான் வரட்டுமா? நீ வா என்றால்தான் வர முடியும் போலிருக்கிறது.

கேசவன்


கடப்பேரி
1.12.88

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே பாப்பா நலம். நான் இளைத்துவிட்டேன் என்று கன்னியம்மா சொல்கிறாள். உன் உடம்பு எப்படி?

கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன் மேல் கோபமாகவே இருந்தேன். மூன்றாம் நாள் வேறு ஒன்று உறுத்த ஆரம்பித்தது. போன கடிதத்தில் ‘நைனாவுக்குப் படித்துக் காட்டினேன்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். அதில் பாதியை மறைத்துவிட்டேன்.

நான் முதலில் அடுப்படியில் தனியாக உட்கார்ந்து படித்தேன். தேதியைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. சுருட்டி அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகிவிட்டேன். நைனா காதுக்குப் போகக் கூடாது என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. ஆனால் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் வந்து கத்திவிட்டுப் போனார். “உங்கப்பனுக்கு ஆம்பளப் புள்ள இல்லையா? நீ ஒருத்தி தானா?” என்று வாசலில் நின்று கேட்டார். நைனா நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் போனதும் நைனா எனக்கு ஆறுதலாக ஏதோ எழுதிக் காட்டுவார் என்று பார்த்தேன். எழுதினார். “கேசவன் தீவாளிக்கி வருவான். வந்தா எல்லாம் சரியாப் பூடும்.”

இரண்டு மாதத்துக்கு மேல் சளி எடுத்தவள் நான். அவர் கண் மட்டும் கேட்டிலேயே இருந்தது. உள்ளே போய்ப் பத்திரிகையை எடுத்து வந்தேன். ராஜகோபாலன் சார் சொன்னாரே என்பதற்காகப் படிக்கவில்லை. தெரியட்டும் என்று படித்தேன். தேதி வந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். அவர் வாயில் எந்தச் சத்தமும் வராது என்று தெரிந்தே படித்தேன்.

முழுசும் கேட்டார். பென்சிலை எடுத்து, “நல்லா எய்தறான்” என்று எழுதினார். அப்புறம் எழுந்து, நாற்காலியைத் தானே இழுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய், கிணற்றைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து வாசல் பக்கம் வருவதில்லை. லீவு தரவில்லை என்று எழுதிய அந்தத் தாளை மட்டும் கிழிக்கவில்லை. யாராவது கேட்டால் இன்னும் அதைத்தான் காட்டுகிறார்.

நீ ஓடினாய். நான் கூடவே இருந்து இதைச் செய்தேன். எது பெரிய பாவம் என்று கேட்க எனக்கு ஆள் இல்லை.

கட்டி மறுபடி வந்துவிட்டது, தை பிறக்கும்வரை நைனா தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வா என்று நான் சொல்ல வேண்டுமா? வா.

சாமுண்டி


(தபால் கார்டு)

பூனா, 7.12.88

சாமுண்டிக்கு, எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். பத்தாம் தேதி மெயிலில் ஏறுகிறேன். ஏறிவிடுவேன்.

கேசவன்


பூனா
12.2.89

அன்புள்ள சாமுண்டிக்கு,

நல்லபடி வந்து சேர்ந்தேன். நீ சிங்கப்பெருமாள் கோவிலுக்குத் திரும்பிவிட்டாயா? மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? பாப்பாவுக்கு மறுபடி காய்ச்சல் வந்ததா?

நைனா போய் முப்பத்தேழு நாள் ஆகிறது. கடைசி நாளும் காரியங்களும் உனக்குத் தெரியும். பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று மார்கழியில் மூன்று நாள் அவளைத் தூக்கிக்கொண்டு நீ ஊருக்குப் போனாயே, அப்போது நடந்தது உனக்குத் தெரியாது. இரண்டு மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன். வீடு நிறைய ஆள் இருந்தார்கள் என்று சாக்கு வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் காலை வெந்நீர் வைத்து, துணியும் வாளியுமாகப் போனேன். என் மனத்தில் அந்தப் படம்தான் ஓடிக்கொண்டிருந்தது, மறைக்கவில்லை. நைனா இடுப்பு வேட்டியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்று தலையாட்டினார். நான் குனிந்து காலைத் தொட்டேன். காலை உள்ளே இழுத்துக்கொண்டார். விருந்தாளி முன்னால் கூசுகிற மாதிரி கூசினார். தனசிங் வந்து, “நீ கொஞ்சம் வெளிய நில்லு சார்” என்றார். கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டபடி நான் வெளியே நின்றேன்.

இரண்டாம் நாள் ராஜகோபாலன் சார் வந்தார். என்னைப் பார்த்ததும், “எப்போ வந்தேள்?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நைனா அவசர அவசரமாகக் காலண்டர் தாளைத் தேடினார். பென்சில் கீழே விழுந்தது, நான் எடுத்துக் கொடுத்தேன். “இப்பத்தான் லீவு குட்தாங்க” என்று எழுதி அவரிடம் நீட்டினார். சார் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “அப்படியா? இத்தனை நாள் தரவே இல்லையா?” என்றார். அந்தப் பத்திரிகையைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணில் கோபம் இல்லை சாமுண்டி. ஒத்துக்கொள், ஒத்துக்கொள் என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

“ஆமாம் சார். ஆடிட்” என்றேன்.

நைனா தலையணையில் சாய்ந்துகொண்டார். சார் காபியைப் பாதி குடித்துவிட்டு, வேலை இருக்கிறதென்று போய்விட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் நைனா, “அந்த சினிமா கத சொல்லு” என்று எழுதினார். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கட்டுரையில் எழுதிய வார்த்தை ஒன்றும் உதவவில்லை. அப்புறம் நம் வீட்டுப் பேச்சிலேயே சொல்ல ஆரம்பித்தேன். “ஒரு ஊர்ல ஒரு பெரியவரு கீறாரு நைனா. அவருக்கு ஒரே புள்ள. பட்டணத்துல வேல பாத்துகினு கீறான்.” பத்து வருஷமாக நான் பேசாத பேச்சு. அவர் கண்ணை மூடாமல் கேட்டார். அந்த பாஷை உனக்குத் தெரியுமா என்று கையால் கேட்டார். கீய இங்கிலீஷ்ல எய்த்து ஓடும் நைனா என்றேன். முடித்ததும் எழுதினார். “அந்தப் புள்ள அளுதானா?” அழுதான் என்றேன். “நீ?” நானும் அழுதேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. வரவழைக்க முயன்றேன், அதுவும் முடியவில்லை. “சினிமான்னா வரும்” என்று எழுதினார். கிண்டலா, சமாதானமா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குச் சிரிக்க முடிந்திருந்தால் தெரிந்திருக்கும்.

அவர் போன அன்றும் எனக்கு அழுகை வரவில்லை. பார்த்திருப்பாய். ‘ஆம்பள, உள்ளயே வச்சிகினு கீறான்’ என்று கன்னியம்மா எல்லோரிடமும் சொன்னாள். லீவு தராத பேங்கைத் தெருவே திட்டியது. பதினாறு நாளும் நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன்.

உன்னைப் பற்றியும் கேட்டேன். சாமுண்டி படித்துக் காட்டினதில் அவள்மேல் வருத்தமா என்றேன். நைனா கேட்காத மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். உனக்கு ஆறுதலாக ஏதாவது சேர்த்து எழுதலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். நடந்தது அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது, குண்டக்கல் தாண்டியதும், இதையெல்லாம் எப்படி எழுதலாம் என்று என் மனத்தில் ஒரு நல்ல வரி வந்தது. ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொண்டேன். அந்தப் பத்திரிகைக்கு இனி எழுதுவதில்லை என்று கார்டு போட்டுவிட்டேன். மேனேஜரிடம் ஜூலை லீவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவர் என்னோடு டீ குடிக்க வருவதில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணன்,
கேசவன்


சிங்கப்பெருமாள் கோவில்
26.2.89

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் இங்கே வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. பாப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை. அவரும் நலம், வந்த புதிதில் முகம் கொடுத்துப் பேசவில்லை, இப்போது சாப்பாடு நன்றாக இருக்கிறது என்கிறார். நீ ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடு.

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நைனா கண்ணை மூடிக்கொண்டார் என்று எழுதியிருக்கிறாய். அழுதேன். ஆனால் நீ அதை மாற்றி எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்துபோயிருக்கும். அதை நானே வைத்துக்கொள்கிறேன்.

தனசிங் வியாபாரத்தை நடத்துகிறார். கடப்பேரி வீட்டில் முன்பக்கத்தை வாடகைக்குக் கேட்கிறார்கள். நைனாவின் துணிகளைக் கன்னியம்மாவிடம் கொடுத்துவிட்டேன். ராஜகோபாலன் சாரை ஸ்டேஷனில் பார்த்தேன். அண்ணா சௌக்கியமா என்று கேட்டார். சௌக்கியம் என்றேன். வேறு ஒன்றும் கேட்காமல் ரயிலேறிப் போய்விட்டார்.

ஆனியில் பாப்பாவுக்குக் காது குத்துகிறோம். திருநீர்மலையில் மொட்டை போட்டு, அங்கேயே மாமன் மடியில் உட்காரவைக்க வேண்டும். தேதி குறித்ததும் எழுதுகிறேன். லீவு கிடைத்தால் வா. கிடைக்கவில்லையென்றால் கிடைக்கவில்லை என்று எழுது. கிடைத்தும் வர மனசில்லையென்றால், அதையே எழுது. நான் படித்துக்கொள்கிறேன்.

உன் தங்கை,
சாமுண்டி